அரை சல்யூட்

இந்தக் கதையில் வருகிற வாட்ச்மேனை நான் 'அவர்' என்றுதான் சொல்லப்போகிறேன். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் அவரை அப்படிச் சொன்னது கிடையாது. முன்பல் விழுந்து இன்னும் முளைக்காத வாண்டுகள்கூட "டேய் வாட்ச்மேன், பந்தை எடுத்துப் போடு" என்றுதான் மாடியிலிருந்து கத்தும். கத்தட்டும். கதை சொல்வது நான். அவர் என்றால் அவர்தான்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ரூம். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்களும் சக்கரமில்லாத சைக்கிள்களும் அடைத்துக் கிடந்த ரூம். ஒரு பக்கம் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், இன்னொரு பக்கம் இடிக்காது. மூன்று பேர் படுக்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தக் கதவுதான் முக்கியம். அவரும் மனைவியும் ஒன்பதாவது படிக்கிற மகளும் மச்சான் வீட்டு ஹாலில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க மாப்ள" என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டு ஹால் ஃபேனை அணைத்துவிட்டுப் படுக்கப் போவார். மகள் துணி மாற்ற பாத்ரூமுக்குள் போனால் மச்சானின் இரண்டு பையன்களும் மாறி மாறிக் கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் காதில் விழும்போதெல்லாம் வாட்ச்மேனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ரூமைக் கேட்டுக் குடியிருப்போர் சங்கத்து செக்ரட்டரி பின்னால் நாயாய் அலைந்தார். செக்ரட்டரி இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதனால் சங்கத்தில் நிறையப் பேசுவார். ஒருநாள் மனம் இளகிவிட்டது.

"சரி, வருஷக் கூட்டத்துல வைக்கறேன். ஆனா ஒண்ணு. அது வரைக்கும் உன்மேல ஒரு புகார் வரக் கூடாது. யாராவது ஒருத்தர் முகம் சுளிச்சாலும் ரூமை மறந்துடு."

வாட்ச்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு புகார் கூட வராமல் இருப்பதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று நினைத்தார். பாவம்.

அந்தக் குடியிருப்பில் சல்யூட் என்பது ஒரே ஒருவருக்குத்தான், மேல்மாடியில் இருந்த நீதிபதிக்கு. ரிட்டயர் ஆகி வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் எதிரே வந்தால் ஆட்கள் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். அவருடைய நீளமான வெள்ளைக் கார் கேட்டுக்கு வந்தால் வாட்ச்மேன் விறைப்பாக நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். மற்ற கார்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுவதோடு சரி. இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. அந்தக் காரின் கண்ணாடி கறுப்பு, உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. ஆக, நியாயமாகப் பார்த்தால் இத்தனை காலமும் அவர் சல்யூட் அடித்தது காருக்குத்தான். இது அவருக்கே தெரியாது.

நீதிபதி புதுக் கார் வாங்கினார். பழைய வெள்ளைக் காரை முதல் மாடியில் வாடகைக்கு இருந்த மோட்டார் கடைக்காரருக்கு விற்றுவிட்டார். தண்ணீர் மோட்டாருக்கு உதிரி பாகம் விற்கிற மனிதர் அவர். எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. கார் கைமாறிய விஷயம் குடியிருப்பு முழுக்கத் தெரியும், வாட்ச்மேனைத் தவிர. வாட்ச்மேனிடம் போய் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

சாயங்காலம் வெள்ளைக் கார் வந்தது. கை தானாக மேலே போயிற்று. கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளே மோட்டார் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேனும் வாயைப் பிளந்தார். கை நெற்றியிலேயே இருந்தது, எப்போது இறக்குவது என்று தெரியவில்லை. அந்தக் கார் உள்ளே போனதும் பின்னாலேயே பளபளவென்று ஒரு கறுப்புக் கார். முன்பின் பார்த்திராத கார். இப்போதுதான் ஏமாந்தோம், இதிலாவது உஷாராக இருப்போம் என்று கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தி, கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினார்.

"யாரைப் பார்க்கணும்? எந்த வீடு?"

கண்ணாடி இறங்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார்.

"இறங்கி வந்து பேரு, போன் நம்பர் சொல்லுங்க. கண்டவங்களையும் உள்ள விட முடியாது. நீதிபதி ஐயா இருக்கிற இடம் இது."

கண்ணாடி மெதுவாக இறங்கியது. நீதிபதி ஐயாவேதான்.

வாட்ச்மேன் தட்டிய கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கண் முன்னால் ரூம் வந்தது, கதவு வந்தது, இரண்டும் போயிற்று. சட்டென்று ஒரு சல்யூட் அடித்தார். நிறுத்திவைத்த குற்றத்துக்கு அது போதாது என்று தோன்றியது. இன்னொன்றும் அடித்தார். நீதிபதி "ம்" என்றார். கார் உள்ளே போயிற்று. புகார் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்து அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

தப்பிப்பதாவது! மறுநாள் கறுப்புக் கார் வந்தது. ஒரு சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தார். கார் நகரவில்லை. எஞ்சின் ஓடுகிறது, கார் நிற்கிறது. அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டாவதை அடித்தார். கார் நகர்ந்தது. நேற்று இரண்டு கொடுத்துவிட்டு இன்று ஒன்று கொடுத்தால் அது அவமானம் இல்லையா? மரியாதையின் தொல்லையே இதுதான், ஒரு தடவை ஏறிவிட்டால் இறங்கித் தொலைக்காது.

அதற்குப் பின்னால் வெள்ளைக் கார். அதுவும் நின்றது. மோட்டார் கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பது போல. வாட்ச்மேன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"நேத்து அடிச்சியே" என்றார் மோட்டார் கடைக்காரர். கோபமே இல்லை, குரல் உடைந்திருந்தது. "இன்னிக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?"

நியாயமான கேள்வி. அந்த மனிதர் ஆயுசு முழுக்க அடுத்தவர் வீட்டுக் கிணற்றடியிலும் தொட்டியடியிலும் குப்புறப் படுத்து மோட்டார் பார்த்தவர். 'ஏய் மோட்டார்' என்பதற்கு மேல் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேனுக்கு அவரைப் பார்த்தால் இரக்கமாகவும் இருந்தது, புகார் கொடுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அடித்தார். மோட்டார் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இதை செக்ரட்டரி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி வந்தார்.

"என்னடா இது? வாடகைக்கு இருக்கறவனுக்கு சல்யூட்டு. சொந்த வீட்டுக்காரன், செக்ரட்டரி, எனக்கு வெறும் கேட்டா? இதைப் புகாரா எடுத்துக்கவா வேண்டாமா, நீயே சொல்லு."

வாட்ச்மேன் அங்கேயே ஒன்று அடித்தார். செக்ரட்டரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காரில் வரவில்லையே என்று அவருக்கே தோன்றி, உள்ளே போய்க் காரை எடுத்து, வெளியே போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு, முறையாக உள்ளே வந்து இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

அப்புறம் சொல்ல வேண்டுமா? செக்ரட்டரிக்கு உண்டென்றால் பொருளாளருக்கு இல்லையா? பொருளாளருக்கு உண்டென்றால் அவர் எதிர்வீட்டுக்காரர் என்ன இளப்பமா? கொஞ்ச நாளில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் சல்யூட் ஆயிற்று. எல்லோருக்கும் ஒன்று என்று ஆனதும் சொந்த வீட்டுக்காரர்கள் இரண்டு கேட்டார்கள். அவர்களுக்கு இரண்டு என்றதும் நீதிபதியின் இரண்டு மதிப்பிழந்துபோய் மூன்றாயிற்று, மூன்றாவதோடு பூட்ஸ் காலைத் தரையில் ஓங்கி அடிப்பதும் சேர்ந்தது. ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்கள், கேட்பார்களா? காரை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் கையாட்டல்தானே என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். மோட்டார் கடைக்காரர் வீட்டு பாத்ரூம் மேற்கூரை எத்தனையோ காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. செக்ரட்டரியிடம் சொல்லிச் சொல்லி அது கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது. சல்யூட் வாங்க ஆரம்பித்ததும் செக்ரட்டரியே கதவைத் தட்டி, "ஏதோ ஒழுகுதுன்னு சொன்னீங்களாமே?" என்று பிளம்பரோடு வந்து நின்றார். அதே ஒழுகல், அதே ஆள். முன்பு அவர் சொன்னது காதில் விழவில்லை, இப்போது விழுந்தது. தண்ணீர் லாரி வந்தால் இரண்டு சல்யூட்காரர்கள் தொட்டி முதலில் நிரம்பும், ஒற்றை சல்யூட்காரர்கள் தொட்டி பிறகு. மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. யாரும் இப்படித் தீர்மானம் போடவில்லை. லாரிக்காரர் கேட்டில் நின்று பார்த்தார், அவருக்கே புரிந்துவிட்டது.

அந்த மற்றவர்களில் இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர் ஒருவர். கார் கிடையாது, பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருவார். நடந்து வருகிறவர்களுக்கு சல்யூட் இல்லை. ஆனால் அந்தக் குடியிருப்பிலேயே வாட்ச்மேனை 'நீங்க' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். "சாப்பிட்டீங்களா? பொண்ணு நல்லாப் படிக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார். அவர் வீட்டுக் குழாயில் காற்று மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. டீச்சர் மூளைக்காரர். ஒருநாள் தெருமுனையில் ஒரு ஆட்டோவைப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கேட் வரைக்கும் அதில் வந்தார். ஆட்டோ நின்றது, நகரவில்லை. வாட்ச்மேன் முகமெல்லாம் சிரிப்போடு, மற்ற யாருக்கும் அடிக்காத அழகில் ஒரு சல்யூட் அடித்தார். மனதார அடித்தது அது ஒன்றுதான். மறுநாள் டீச்சர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது.

அதற்கு மறுநாள் டீச்சர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "ஏம்ப்பா, முழங்கை தொங்குது பாரு. கொஞ்சம் நேரா அடி" என்றார். பொண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. வாட்ச்மேனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மற்றவர்கள் டேய் போட்டபோதெல்லாம் வலிக்காதது, இந்த 'ஏம்ப்பா' வலித்தது.

வீட்டில் மனைவி தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"கை வீங்கியிருக்கு. போறவன் வர்றவனுக்கெல்லாம் அடிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா புகாராயிடும்."

"ஆகட்டுமே!"

"ரூம்?"

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வெளியிலிருந்து வந்தார். தைலம் தேய்த்த கை, பழக்க தோஷம், விருட்டென்று நெற்றிக்குப் போய்விட்டது. மகள் களுக்கென்று சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பரவாயில்ல மாப்ள, எதுக்கு அதெல்லாம்" என்றார். அன்று படுக்கப் போகும்போது ஃபேனை அணைக்கவில்லை. அதற்கப்புறம் வாட்ச்மேன் வீட்டிலும் சல்யூட் அடிக்க வேண்டியதாயிற்று, ஃபேன் ஓட வேண்டுமே.

இப்படியே போனால் எங்கே போய் நிற்கும்? கேட்டில்தான் போய் நின்றது. ஒவ்வொரு காருக்கும் அதற்குரிய எண்ணிக்கை, அதற்குரிய பூட்ஸ் அடி என்று வரிசை நீண்டு மெயின் ரோட்டை மறித்தது. ஒருநாள் நீதிபதி ஏதோ விழாவுக்குத் தலைமை தாங்கிவிட்டு வந்தவர், முன்னால் பொருளாளர் தன் பங்கை நிதானமாக வாங்கி முடிக்கிற வரைக்கும் வெயிலில் காத்திருந்தார். தன் முறை வந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"இனிமே எனக்கு சல்யூட் வேண்டாம்."

வாட்ச்மேன் கண்ணாடியருகே குனிந்தார். "ஐயா, ஏதாவது தப்பு நடந்திருந்தா..."

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் எழும்பற கை எனக்கெதுக்கு? சல்யூட் வாங்காத ஒரே ஆளா நான் இருந்துட்டுப் போறேன்."

"அப்படின்னா சும்மா கேட்டைத் திறந்துடட்டுங்களா?"

"சும்மாவா?" நீதிபதியின் புருவம் ஏறியது. "அப்புறம் பேப்பர் போடறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கை எழும்பணும். நெஞ்சு வரைக்கும் வந்து நின்னுடணும். 'இவருக்கு சல்யூட் அடிக்க நான் யாரு'ன்னு உன் கைக்கே ஒரு கூச்சம் வரணும். லேசா நடுங்கினா இன்னும் நல்லது."

வாட்ச்மேன் செய்து காட்டினார். வீங்கிய தோளுக்கு அதற்கு மேல் போகவும் முடியவில்லை, நடுக்கம் கேட்காமலே வந்தது. நீதிபதி காரை விட்டு இறங்கி, விரல்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தன் கையால் திருத்தினார். அத்தனை நாள் வேலையில் அவர் வாட்ச்மேனைத் தொட்டது அப்போதுதான்.

அரை சல்யூட் வந்த கதை இது. வாட்ச்மேன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார், பாதி வேலை மிச்சம் என்று. பெருமூச்சு முடிவதற்குள் செக்ரட்டரிக்குத் தெரிந்துவிட்டது. செக்ரட்டரிக்கும் அரை சல்யூட் என்றதும், முழு சல்யூட் வாங்குவது பொருளாளருக்குக் கேவலமாகப் பட்டது. மோட்டார் கடைக்காரர் மட்டும், பாவம், "எனக்கு முழுசே போதுங்க" என்று கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். பாத்ரூம் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. அவரும் அரைக்கு வந்தார். ஆட்டோவில் வந்த டீச்சருக்கும் அரைதான். ஆக மொத்தம் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் சல்யூட் வாங்காத பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தவள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். வாட்ச்மேனை அண்ணே என்று கூப்பிடுவாள். ஒருநாள் கேட்டில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, நீதிபதி ஐயாவுக்கும் நீ சல்யூட் அடிக்கறதில்ல. எனக்கும் அடிக்கறதில்ல. அப்ப நானும் அவரும் ஒண்ணுதானே?"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தது மேலே கேட்டது. செக்ரட்டரி அவசரமாக நாலு பேரைக் கூட்டினார். நடுக்கம், கூச்சம் எல்லாம் கிட்டத்தில் நின்று பார்த்தால்தானே தெரிகிறது, தெருவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாத்திரம் தேய்ப்பவர், சமையல்காரர், டிரைவர், பார்சல் கொண்டுவருபவர், பேப்பர் போடுபவர் இவர்கள் யாராயிருந்தாலும் இனி கேட்டில் முழு சல்யூட் அடித்துத்தான் உள்ளே விட வேண்டும். பூட்ஸ் அடியோடு. அப்போதுதான் யார் வீட்டுக்காரர், யார் வேலைக்காரர் என்று ஒரு குழப்பமும் வராது.

முதல் நாள் முழு சல்யூட் வாங்கிய பார்சல் பையன் பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான். பாத்திரம் தேய்க்கிறவளுக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு விஷயம் புரிந்து முகம் சுருங்கிப்போயிற்று.

"முன்னாடி கண்டுக்காம விட்டீங்க, நிம்மதியா வந்து போயிட்டிருந்தேன். இப்ப சல்யூட் அடிச்சுல்ல அண்ணே கேவலப்படுத்தறீங்க" என்றாள். வாட்ச்மேனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கூட்டம் முடியற வரைக்கும் பொறுத்துக்கம்மா, என் பொண்ணுக்காக" என்று கெஞ்சினார். அவளும் தாய்தான். பொறுத்துக்கொண்டாள். பின்பக்கச் சுவரோரமாக நுழைய வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள், இல்லை.

வருஷக் கூட்டம் வந்தது. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். போட்டதும் வாட்ச்மேன்தான். ஒரு புகார்கூட இல்லை. தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

செக்ரட்டரி எழுந்தார். "நம்ம வாட்ச்மேன் மேல ஒரு புகாரும் இல்ல. இந்தக் குடியிருப்புல இப்படி ஒருத்தரைப் பத்தி இதுக்கு முன்னாடி சொன்னதே இல்ல. மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ரூமைக் கேட்டிருக்கார். குடும்பத்தோட வந்து தங்க. நான் வார்த்தை கொடுத்திருக்கேன். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். "கொடுங்க, கொடுங்க" என்று நாலைந்து குரல் வந்தது. டீச்சரின் குரலும் அதில் இருந்தது. வாட்ச்மேனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது நீதிபதி தொண்டையைக் கனைத்தார். எல்லாச் சத்தமும் நின்றது.

"கொடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. நல்ல மனுஷன். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். இங்க குடி வந்துட்டா இவர் யாரு? குடியிருக்கிறவர். குடியிருக்கிறவர் கேட்டுக்குள்ள வந்தா என்ன முறை? அரை சல்யூட். அதை இவருக்கு யார் அடிப்பாங்க?"

நியாயமான கேள்வியாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

"அவரே அவருக்கு அடிச்சுக்க முடியாது" என்றார் பொருளாளர், யோசித்து.

"இன்னொரு வாட்ச்மேன் போடணும்" என்றார் செக்ரட்டரி.

"போடலாம். அப்ப அந்த வாட்ச்மேன் எங்க தங்குவார்?" என்றார் நீதிபதி. "ரூமைத்தான் இவருக்குக் கொடுத்துட்டமே."

வாட்ச்மேனுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது: ஐயா, எனக்கு சல்யூட்டே வேண்டாம், கதவு போதும். அதைச் சொல்லியும் விட்டார்.

"சல்யூட் வேண்டாமா?" நீதிபதி அன்பாகத்தான் கேட்டார். "முழுசும் இல்லாம, அரையும் இல்லாம ஒருத்தர் இங்க இருக்கணும்னா, அவர் நம்ம எல்லாரையும்விடப் பெரியவரா ஆயிடுவாரே அப்பா. அது உனக்கே நல்லா இருக்குமா?"

உனக்கே நல்லா இருக்குமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? 'நல்லா இருக்கும்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சிலர் உச்சுக்கொட்டினார்கள். எல்லோருக்குமே அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ரூம் விஷயம் தள்ளிவைக்கப்பட்டது.

அப்போது மோட்டார் கடைக்காரர் எழுந்தார். அவ்வளவு பேர் நடுவில் அவர் பேசுவது முதல் தடவை.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? இவர் கையாலதான் நான் வாழ்க்கையில முதல் முதல்ல சல்யூட் வாங்கினேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அந்த சந்தோஷத்தை இவருக்கு நாம கொடுக்க வேண்டாமா? நாம எல்லாரும் எழுந்து நின்னு இவருக்கு ஒரு சல்யூட் அடிச்சா என்ன? அரையெல்லாம் வேண்டாம். முழுசா."

என்ன ஒரு யோசனை! கூட்டமே உருகிவிட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. நீதிபதி எழுந்தார், செக்ரட்டரி எழுந்தார், டீச்சர் எழுந்தார், பொருளாளர் மடியிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தார். அத்தனை பேரும் ஒன்றாக, ஒரு குறையும் வைக்காமல், காலைத் தரையில் ஓங்கி அடித்து முழு சல்யூட் அடித்தார்கள். மாடிப்படியில் விளக்குமாறோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பாத்திரம் தேய்க்கிறவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாட்ச்மேன் வீட்டுக்கு நடந்தே போனார். வழியில் ஒரு மூடிய கடை வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனால், மனைவி பாத்திரம் பண்டத்தையெல்லாம் இரண்டு சாக்கில் கட்டி வாசலிலேயே வைத்திருந்தாள். மகள் தன் புத்தகங்களைத் தனியாகக் கயிறு போட்டுக் கட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மச்சான்கூட "வண்டி ஏதாவது சொல்லட்டுமா மாப்ள?" என்று உற்சாகமாக வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அடிக்க வேண்டிய சல்யூட்டைக்கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"ரொம்ப நல்லவருன்னு சொன்னாங்க."

"ரூம்?"

"எல்லாரும் எழுந்து நின்னு எனக்கு சல்யூட் அடிச்சாங்க. முழுசா. நீதிபதி ஐயாவும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பதிலுக்கு அரை சல்யூட் அடிச்சேன். ஒவ்வொருத்தருக்கா. ஒருத்தரையும் விடல."

மனைவி குனிந்து ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டாள்.

"அதை எடுத்துட்டு உள்ள வாடி" என்றாள் மகளிடம். "கட்டைப் பிரிச்சு வை, நாளைக்கு ஸ்கூல் இருக்கு."